ஜெர்மனிக்குப் புறப்படும் செவிலியர்களுக்கு



நாகர்கோவில், மார்த்தாண்டம், திருச்சி, சென்னை என்று ஊர் ஊராக ஜெர்மன் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். நைட் டியூட்டி முடிந்த கையோடு வகுப்புக்கு ஓடிவந்து, தூக்கம் கண்ணை இழுக்க, எந்தச் சொல் ஆண்பால், எது பெண்பால், எது இரண்டிலும் சேராதது என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறீர்கள். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகளிலும் தனித்தனியே நூற்றுக்கு 60 எடுத்தால்தான் பி-1 சான்றிதழ் முழுமையாகும். மூன்றில் தேறி ஒன்றில் தவறியவர்கள் அந்த ஒன்றுக்காக மறுபடி பணம் கட்டிக் காத்திருக்கிறார்கள். இந்தப் பாட்டை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது வேறு. தேர்வும் விசாவும் முடிந்து, ஒரு ஜெர்மன் வார்டுக்குள் முதல் நாள் காலை நுழையும்போது என்ன நடக்கும் என்பதை ஏஜென்ட் அலுவலகச் சுவரொட்டிகள் சொல்வதில்லை. மொழி தெரியாமல் திண்டாடுவோம் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் போனவர்கள் பலரை அதைவிட அதிகமாகக் கலங்கடித்தது, செவிலியர் வேலை என்று தாங்கள் படித்து வந்ததும் அங்கே செய்யச் சொல்லப்பட்டதும் ஒன்றாக இல்லாததுதான்.

அதற்கு முன் ஒன்று. ஏன் போகிறீர்கள் என்று உங்களைக் கேட்க இங்கே யாருக்கும் தகுதி இல்லை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வெழுதி அரசு மருத்துவமனைகளுக்கு வந்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் தரப்பட்டது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் இரவு பகலாக உட்கார்ந்து போராடிய பிறகுதான் அந்தத் தொகை எவ்வளவு சிறியது என்பதே பலருக்குத் தெரியவந்தது. தனியார் மருத்துவமனைகளின் ஊதியம் பற்றி உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, மிகச் சிறிய மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-ல் பரிந்துரைத்தது. உங்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? வேலையை விட்டுப் போகாமல் இருக்க ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் நிர்வாகங்கள் இன்றும் இருக்கின்றன. நல்ல சம்பளத்துக்கும் மரியாதைக்கும் கடல் கடப்பது குற்றமல்ல.

ஜெர்மனிக்கும் நீங்கள் தேவை. 2023 கடைசியில் அங்கே பராமரிப்பு தேவைப்படுவோர் என்று கணக்கில் வந்தவர்கள் ஏறத்தாழ 57 லட்சம் பேர். 2049-க்குள் 2,80,000 முதல் 6,90,000 வரை பராமரிப்புப் பணியாளர் பற்றாக்குறை வரும் என்று அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் கணித்தது. அதே ஆண்டு அக்டோபரில், இந்தியாவின் தகுதிபெற்ற பணியாளர்களுக்குத் தரும் விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000-ஆக உயர்த்துவதாக ஜெர்மன் அரசு அறிவித்தது. கையில் தொழில் இருப்பவரைத் தேடி ஒரு நாடு வருகிறது. பேரம் பேசும் இடத்தில் நீங்களும் இருக்கிறீர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்களின் கதை தெரிந்திருக்க வேண்டும். 1960-களில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஏற்பாட்டில் கேரளத்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் ஜெர்மனிக்குப் போனார்கள். பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கப்பலோ விமானமோ ஏறியவர்கள். செவிலியர் படிப்பையே அங்கே போய்த்தான் படித்தார்கள். தென்கொரியாவிலிருந்து 1966 தொடக்கத்தில் 128 செவிலியர்கள் பிராங்பர்ட் வந்து இறங்கினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 10,000-ஐத் தொட்டது. இரு கூட்டத்தாரும் இரவும் பகலும் ஜெர்மன் மருத்துவமனைகளைத் தாங்கிப் பிடித்தார்கள்.

1970-களின் நடுவில் ஜெர்மன் பொருளாதாரம் தள்ளாடியது. உள்ளூரிலேயே செவிலியர்கள் கிடைக்கத் தொடங்கினார்கள். உடனே பல மாநிலங்களில் இவர்களுடைய அனுமதிகளைப் புதுப்பிக்க மறுத்தார்கள். கேரளத்துப் பெண்களில் பலர் மூட்டை கட்டி ஊர் திரும்ப நேர்ந்தது. சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். தங்கியவர்களின் கணவன்மார் அங்கே போய்ச் சேர்ந்தபோது சில ஆண்டுகளுக்கு வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. மனைவி டியூட்டிக்குப் போக, பட்டப்படிப்பு படித்த கணவர் வீட்டிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். ஊரில் அதைக் கேலி பேசியவர்களும் அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடு கட்டினார்கள். கொரியச் செவிலியர்களோ 1977-ல் ஒன்றுகூடி வீதியில் கையெழுத்து வாங்கினார்கள். தேவைப்பட்டபோது கூப்பிட்டுத் தேவை தீர்ந்ததும் அனுப்புவதற்குத் தாங்கள் சரக்கு இல்லை என்று சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவர்களுக்கு நீண்டகாலம் தங்கும் உரிமை கிடைத்தது. இன்று ஜெர்மனியில் உங்களுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் இப்படி யாரோ நின்று வாதாடிய நாட்கள் இருக்கின்றன.

அந்தக் கொரியப் பெண்கள் அப்போது பட்ட முதல் அதிர்ச்சிதான் இன்று தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கும் வருகிறது. தங்கள் ஊரில் நோயாளியின் உறவினர்கள் செய்யும் வேலையைச் செவிலியரான தங்களைச் செய்யச் சொல்கிறார்களே என்று அவர்கள் திகைத்துப் போனார்கள்.

நம் ஊர் வார்டை நினைத்துப் பாருங்கள். ஊசி, டிரிப், மருந்து, கேனுலா, பிரஷர், டாக்டர் ரவுண்ட்ஸ், கேஸ் ஷீட் எல்லாம் சிஸ்டரின் பொறுப்பு. முகம் கழுவிவிடுவது, தலை வாருவது, இட்லியைப் பிட்டு ஊட்டுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் படுக்கைக்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்கும் மகளின் வேலை; மகள் இல்லாவிட்டால் ஆயாவின் வேலை. நர்சிங் கல்லூரியில் ஸ்பாஞ்ச் பாத் கற்றுக்கொடுத்தார்கள், மதிப்பெண்ணும் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு எத்தனை பேர் அதைச் செய்தீர்கள்? நாற்பது நோயாளிக்கு ஒரு சிஸ்டர் இருக்கும் வார்டில் செய்யத்தான் முடியுமா?

ஜெர்மன் மருத்துவமனையில் பக்கத்தில் மகள் இருக்க மாட்டாள். பார்வையாளர் நேரத்தில் வந்து பூங்கொத்தை வைத்துவிட்டுப் போவாள். காலைப் பணி 6 மணி வாக்கில் தொடங்கும். இரவுப் பணியாளரிடம் ஹேண்டிங் ஓவர் வாங்கியதும் நீங்கள் முதலில் எடுப்பது சிரிஞ்சாக இருக்காது, துவாலையாக இருக்கும். முகம், கை, முதுகு, கால் கழுவிவிட்டு, பல்செட் மாட்டி, உடை மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்து, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பது உங்கள் வேலை. மாறாக, நரம்பில் ஊசி போடுவதும் ரத்தம் எடுப்பதும் பல மருத்துவமனைகளில் டாக்டரின் கையில் இருக்கும். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரைப் பார்த்துக்கொண்ட ஒருவருக்கு இது எப்படி இருக்கும்? படித்த படிப்பெல்லாம் வீணாகிவிட்டது, ஆயா வேலைக்கு வந்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போன் போட்டு அழுதவர்கள் உண்டு. அந்த அழுகையைச் சிறுமைப்படுத்தக் கூடாது. கைத்தொழில் இழந்த வலி அது.

ஆனால் அங்குள்ள மூத்த செவிலியர் ஒருவர் நோயாளியைக் குளிப்பாட்டுவதைக் கூர்ந்து பாருங்கள். பிட்டத்தெலும்பின் மேல் தோல் சிவந்திருக்கிறதா, அழுத்தினால் வெளுக்கிறதா என்று பார்ப்பார். திரும்பிப் படுக்கும்போது மூச்சு வாங்குகிறதா, இடக்கை நேற்றைவிடத் தளர்ந்திருக்கிறதா, தண்ணீர் விழுங்கும்போது இருமுகிறாரா, நேற்று இருந்த பேச்சு குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கவனிப்பார். கால் மணி நேரத்தில் அவர் நடத்தி முடிப்பது ஒரு முழு உடற்பரிசோதனை. ஜெர்மனியில் செவிலியர் துறை வல்லுநர்கள் நாடு முழுவதற்குமாக முதன்முதலில், 2000-ல், வகுத்த தரநெறி எதைப் பற்றியது தெரியுமா? படுக்கைப்புண் வராமல் தடுப்பதைப் பற்றியது. 2020 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த செவிலியர் பணிச் சட்டம், நோயாளிக்கு என்ன பராமரிப்பு தேவை என்று கண்டறிந்து திட்டமிடுவதும், அதை நடத்துவதும், அதன் தரத்தை மதிப்பிடுவதும் தகுதிபெற்ற செவிலியருக்கு மட்டுமே உரியவை என்று முதன்முறையாக எழுதிவைத்தது. அந்த இடத்தில் டாக்டரும் உங்கள் பொறுப்பை எடுத்துக்கொள்ள முடியாது. டிரிப் போடும் அதிகாரம் குறைகிறது. இந்த அதிகாரம் கூடுகிறது. இரண்டையும் சேர்த்து எடைபோட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் கண்ணில் படும். தானே முகம் கழுவிக்கொள்ள முடிகிற பாட்டிக்கு நீங்கள் அன்போடு கழுவிவிட்டால், பக்கத்தில் இருக்கும் செவிலியர் உங்களைத் தடுப்பார். துவாலையை அவர் கையில் கொடுங்கள், பத்து நிமிடம் ஆனாலும் அவரே செய்யட்டும் என்பார். நமக்கு அது இரக்கமற்ற செயலாகத் தோன்றும். முதியவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பதுதான் பாசம் என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே 1990-களில் மோனிகா க்ரோவிங்கல் போன்ற செவிலியர் அறிஞர்கள் வகுத்த முறை, மிச்சமிருக்கும் திறனைக் காப்பாற்றுவதைத்தான் பராமரிப்பு என்கிறது. நாமே செய்துவிட்டால் அந்தக் கை சில வாரங்களில் அதை மறந்துவிடும். பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டமே, இயன்றவரை அவர்களைத் தாமாக இயங்கவைக்கும்படி சொல்கிறது. காத்திருக்கப் பழகுவது கடினம்தான், அதுவும் ஓட்டமும் நடையுமாக வார்டு பார்த்து வந்தவர்களுக்கு. ஆனாலும் பழக வேண்டும்.

கட்டிலின் பக்கக் கம்பியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் வயதான நோயாளி படுத்ததும் சைடு ரெயிலைத் தூக்கிவிடுவது அனிச்சைச் செயல். தூக்காமல் விட்டு அவர் விழுந்துவிட்டால் சிஸ்டரின் வேலை போய்விடும். ஜெர்மனியிலோ எழுந்து நடக்கக்கூடிய ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக அந்தக் கம்பியைத் தூக்குவது அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பதாகும். அவர் சம்மதித்தால் பிரச்சினை இல்லை. மறதிநோயால் சம்மதிக்கும் நிலையில் இல்லாதவருக்குத் தொடர்ந்து கம்பி வைக்க வேண்டுமென்றால், பாதுகாவலர் முறையீடு செய்து நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். சக்கர நாற்காலியில் பட்டை கட்டுவதற்கும் இதே சட்டம். பவேரியாவின் கார்மிஷ்-பார்டன்கிர்ஷன் பகுதியில் 2007-ல் தொடங்கிய ஒரு முறை இப்போது பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது. செவிலியர் அனுபவம் உள்ள ஒருவரை நீதிமன்றமே நியமிக்கும். அவர் முதியோர் இல்லத்துக்கு வந்து, கம்பிக்குப் பதிலாகத் தாழ்வான கட்டில் போட முடியாதா, கீழே மெத்தை விரிக்க முடியாதா, இடுப்பெலும்பைக் காக்கும் உள்ளாடை போதாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கட்டிப்போட்டவர்கள் விழவில்லை, ஆனால் தசை கரைந்து நடையை இழந்தார்கள் என்பதைப் பார்த்த பிறகு வந்த மாற்றம் இது. நல்லெண்ணத்தோடு நீங்கள் தூக்கிவைக்கும் ஒரு கம்பி உங்களைச் சட்டத்தின் முன் நிறுத்தலாம் என்பதை விமானம் ஏறுமுன்பே தெரிந்துவைத்திருங்கள்.

உறவினர்களிடம் பேசும் விதமும் அப்படித்தான். இங்கே புற்றுநோய் என்றால் மகனைத் தனியே கூப்பிட்டுச் சொல்கிறோம், அப்பாவிடம் மறைக்கிறோம். அங்கே நோயாளியின் சம்மதம் இல்லாமல் மகனிடம் சொன்னால் குற்றவியல் சட்டத்தின் 203-ஆம் பிரிவு வரும். ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். தொலைபேசியில் அழுதுகொண்டே கேட்கும் மகளிடம், அம்மா சம்மதித்தால்தான் சொல்ல முடியும் என்று சொல்வது எவருக்கும் கடினம். தனக்கு நினைவு தப்பினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்துக்கு 2009 முதல் சட்டத்தில் இடமுண்டு. குழாய் வழியே உணவு வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தால், அந்த நிலை வரும்போது குழாய் போடக் கூடாது. பட்டினி போடுகிறோமே என்று உங்கள் மனம் கலங்கும். கலக்கத்தை மூத்தவர்களிடம் சொல்லுங்கள், குழாயைத் தொடாதீர்கள்.

முதியோரை ஓமா, அதாவது பாட்டி, என்று அழைக்காதீர்கள். நம் வார்டில் எல்லாரும் அம்மா, எல்லாரும் தாத்தா. அங்கே குடும்பப் பெயரோடு, திருமதி, திரு என்று சொல்லி, மரியாதைப் பன்மையில் பேச வேண்டும். எண்பத்தெட்டு வயதுப் பெண்மணியை முன்பின் தெரியாத ஒருவர் பாட்டி என்றால், அவரைச் சிறுபிள்ளையாக்கிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

தலையாட்டுவதிலும் கவனம் வேண்டும். டாக்டர் வேகமாகப் பேசுகிறார், பாதி புரியவில்லை, ஆனாலும் மரியாதைக்காகத் தலையை ஆட்டுகிறோம். நம் தலையாட்டலைப் பார்த்து ஆமா, இல்லையா என்று அவர்கள் குழம்புவது ஒருபுறம். புரியாத மருந்தளவுக்கு ஆமாம் சொல்லிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இன்சார்ஜ் சிஸ்டர் முன்னால் கேள்வி கேட்டால் திமிர் என்று இங்கே பழக்கிவிட்டார்கள். அங்கே கேட்காமல் இருப்பதுதான் தவறு. எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்ற வாக்கியம் ஜெர்மன் பாடத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. முதல் ஆறு மாதங்களுக்கு அதைத்தான் மிக அதிகமாகப் பயன்படுத்த வேண்டும். வகுப்பில் படித்த ஜெர்மன் பவேரியக் கிழவரின் வாயிலும் சாக்சனிக் கிழவியின் வாயிலும் வேறு உருவில் வரும். சென்னைக்காரருக்கு முதலில் நாகர்கோவில் தமிழ் பிடிபடாதது போலத்தான். ஓரிரு மாதங்களில் காது பழகிவிடும்.

இப்போது நீங்கள் பார்த்துக்கொள்ளப் போகிற முதியோரில் பலர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள். 1945-ஐ ஒட்டிக் கிழக்குப் பகுதிகளிலிருந்து ஒரு கோடிக்கும் அதிகமான ஜெர்மானியர்கள் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார்கள். மறதிநோய் முற்றிய ஒருவர் இரவில் எழுந்து, வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டினால், அவர் சொல்லும் வீடு இன்று போலந்தில் இருக்கலாம். ரொட்டித் துண்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்தால் அதற்கும் காரணம் உண்டு. இதையெல்லாம் பாடப்புத்தகம் சொல்லாது, அந்த முதியோரே சொல்வார்கள். உட்கார்ந்து கேட்க நீங்கள் இருக்க வேண்டும்.

கேரளத்திலிருந்து முதலில் போன அந்தப் பெண்களுக்கும் இப்போது எழுபத்தைந்தும் எண்பதும் ஆகிவிட்டன. ஊர் திரும்பாமல் பேரப்பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். அவர்களில் யாராவது ஒருவரை நீங்கள் பார்த்துக்கொள்ள நேரலாம்.

இனிப் பணம். ஜெர்மனியில் இறங்கிய மறுநாளே நீங்கள் அங்கீகாரம் பெற்ற செவிலியர் ஆகிவிடுவதில்லை. உங்கள் படிப்பை நீங்கள் வேலை பார்க்கும் மாநிலத்து அலுவலகம் ஆராய்ந்து, எது குறைகிறது என்று எழுத்தில் தரும். அதை ஈடுகட்ட இணக்கப் பயிற்சியோ அறிவுத் தேர்வோ முடிக்க வேண்டும். பெரும்பாலும் பி-2 மொழித்தகுதியும் கேட்பார்கள். அதுவரை உதவியாளர் என்ற பெயரில்தான் வேலை. 2025 ஜூலையில் வந்த குறைந்தபட்ச ஊதிய விதிப்படி முதியோர் பராமரிப்பில் தகுதிபெற்ற செவிலியருக்கு மணிக்கு 20.50 யூரோ; பயிற்சி பெறாத உதவியாளருக்கு 16.10 யூரோ. மாதக் கணக்கில் 700 யூரோவுக்கு மேல் வித்தியாசம். ஆகவே அங்கீகாரம் ஒவ்வொரு மாதம் தள்ளிப்போகும்போதும் இழப்பு உங்களுக்குத்தான். பயிற்சிக்கு எந்த மாதம் அனுப்புவீர்கள், பணிநேரத்தில் படிக்க விடுவீர்களா, பி-2 வகுப்புக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள். சொல்லும் சம்பளம் எல்லாம் பிடித்தத்துக்கு முந்தியது. வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு எல்லாம் போகக் கைக்கு வருவதை வைத்துத்தான் வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போட வேண்டும்.

ஏஜென்ட்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2014-ல் ஈராக்கின் திக்ரித்தில் 46 இந்தியச் செவிலியர்கள் சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் கேரளத்தவர், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவரும் அவர்களில் இருந்தார். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனை அடைக்காமல் எப்படித் திரும்புவது என்று அந்தப் போர்ச்சூழலிலும் சிலர் தயங்கினார்கள். அடுத்த ஆண்டே 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று இந்திய அரசு உத்தரவிட்டது. அந்த 18-ல் ஜெர்மனி இல்லை. அந்த வேலி உங்கள் பாதையில் கிடையாது என்பதை மனத்தில் வையுங்கள். என்றாலும் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் எவரும் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர அவர்கள் வாங்கக் கூடாது. ஆளெடுக்கும் செலவை வேலை தரும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, நியாயமான ஆளெடுப்புக்கு 2021 முதல் ஜெர்மனியில் அரசு முத்திரையும் உண்டு. உங்களிடம் லட்சங்களில் கேட்பவர் அந்த முத்திரை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். 1978-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னொரு கண்ணி இருக்கும். இத்தனை ஆண்டுக்குள் வேலையை விட்டால் மொழிப்பயிற்சிக்கும் விமானச் சீட்டுக்கும் ஆன செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி. பல்லாயிரம் யூரோ கேட்டு நோட்டீஸ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய வரிகளில் பல நீதிமன்றத்தில் நிற்பதில்லை. ஆனால் அது தெரியாமல், பயந்தே ஒரே இடத்தில் கிடந்து உழல்பவர்கள் உண்டு. இங்கே ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பூட்டிவைத்ததற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? ஒப்பந்தத்தின் ஜெர்மன் படியைக் கையில் வாங்கி, வரி வரியாகப் புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். போன பிறகு சிக்கல் வந்தால், வெளிநாட்டுப் பணியாளர்களுக்காக ஃபேர் இன்டகிரேஷன் என்ற ஆலோசனை மையங்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன. கட்டணம் கிடையாது.

தோலின் நிறத்தைப் பார்த்து உன் கை என் மேல் படக் கூடாது என்று சொல்லும் நோயாளியும் என்றாவது வருவார். அவர் மறதிநோயாளி என்றால் மன்னிக்கலாம். எல்லோரும் மறதிநோயாளிகள் இல்லை. 2006-ல் வந்த சமநடத்தைச் சட்டப்படி, சக ஊழியரிடமிருந்து மட்டுமல்ல, நோயாளியிடமிருந்தும் உங்களைக் காக்கும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு. தேதி, நேரம், சாட்சி எழுதிவையுங்கள். இழப்பீடு கேட்பதானால் இரண்டு மாதத்துக்குள் கேட்க வேண்டும். பொறுத்துப் போவதுதான் பண்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேர்டி என்ற தொழிற்சங்கத்தில் வெளிநாட்டவரும் சேரலாம். 2021-ல் பெர்லினின் இரு பெரிய பொது மருத்துவமனைக் குழுமங்களின் செவிலியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது சம்பளத்துக்காக மட்டும் இல்லை. ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிதான் என்ற வரம்புக்காக. சென்னையில் நாற்பது பேரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோரிக்கையின் அருமை புரியும்.

குளிர்காலத்தில் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டிலேயே திரும்புவீர்கள். மாலை ஆறு மணிக்கு ஆறிப்போன ரொட்டியும் சீஸும்தான் இரவுச் சாப்பாடு என்பதும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதும் சீக்கிரம் பழகிவிடும். தனிமை அவ்வளவு சீக்கிரம் பழகாது. அங்கே உங்களுக்கு முன்பே தமிழர்கள் இருக்கிறார்கள். 1980-களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள், அகதி முகாம்களில் காலம் கழித்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, ஜெர்மனியெங்கும் தமிழாலயங்கள் நடத்துகிறார்கள். ஹாம் நகரில் 2002-ல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். போங்கள், பேசுங்கள். அவர்களின் பிள்ளைகள் சிலர் நீங்கள் வேலை பார்க்கும் வார்டுகளிலேயே செவிலியராகவும் மருத்துவராகவும் இருப்பார்கள். தமிழ்நாட்டுத் தமிழுக்கும் யாழ்ப்பாணத் தமிழுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு தாள் விஷயம். வேலையில் சேர்ந்ததும் உங்களுக்குச் சமூகக் காப்பீட்டு எண் ஒன்று வரும். அறுபது மாதம் சந்தா சேர்ந்துவிட்டால் ஜெர்மன் ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிடும். 2017 மே 1 முதல் நடப்பில் உள்ள இந்திய-ஜெர்மன் ஒப்பந்தப்படி, இங்கே வருங்கால வைப்புநிதித் திட்டத்தில் இருந்த காலத்தையும் தகுதிக்காகச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஊர் திரும்பிய பிறகும் அந்த ஓய்வூதியத்தைப் பெறலாம். அதனால் இங்குள்ள பழைய மருத்துவமனையின் பி.எஃப். எண்ணையும் அனுபவச் சான்றிதழையும் இப்போதே வாங்கி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.